வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

திண்டிவனத்தில் பேருந்து ஏறி விழுப்புரம் நோக்கிச் செல்பவர் சன்னலோரம் அமர்ந்தால், நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஒரு புதுவகைப் பயிரைக் காணலாம். அது நெல்லன்று, மணிலாவன்று, சவுக்குமன்று. முழ உயரமுள்ள கற்கள், சாயம் பூசப்பட்டு வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கும். நடுவே செம்மண் கொட்டிய பாதை, முகப்பில் வண்ணக் கொடிகள், ஏதேனும் ஒரு தெய்வத்தின் பெயரோடு 'நகர்' என்று முடியும் வளைவு. நம் புனிதர்களின் பெயர்களும் இவ்வளைவுகளுக்குத் தப்பவில்லை. நட்டுப் பல்லாண்டுகள் ஆகியும் வீடு முளைக்காத கற்கள் ஏராளம். உழவும் இல்லை, குடியும் இல்லை. ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கும்.

இக்காட்சியைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன நம்மை, பங்கு இல்லத்திற்கு ஒருநாள் மாலை வந்த முதியவர் ஒருவர் திடுக்கிட வைத்தார். ஒன்றரை ஏக்கர் நிலமுடையவர். அவருடைய சிற்றூருக்கு முதன்முறையாக நிலப் பயன்பாட்டு வரைபடம் ஒன்று தயாராகிறது என்றும், ஆட்சேபணை இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம் என்றும் அறிவித்திருந்தார்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பேரன் கைப்பேசியில் பிடித்து வந்திருந்தான். அதை நம்முன் நீட்டினார்.

"சாமி, ரோட்டோரம் இருக்கிறவன் நிலம் மஞ்சளாம், என் நிலம் பச்சையாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான். மஞ்சளுக்கு என்ன விலை, பச்சைக்கு என்ன விலைன்னு நீங்களே சொல்லுங்க."

மஞ்சள் என்பது குடியிருப்பு. பச்சை என்பது வேளாண்மை. மஞ்சளை மனையாக விற்கலாம். பச்சையை உழத்தான் வேண்டும். விலை வேறுபாடு பல மடங்கு. அவர் கேட்டது விலையை அன்று என்பது நமக்கு உடனே விளங்கிற்று. ஒரே கையால் இறைவன் படைத்த மண்ணில், மேசைமேல் குனிந்து கோடு கிழித்த ஒருவர், வரப்பின் இப்புறத்தானை ஏழையாகவும் அப்புறத்தானைச் செல்வனாகவும் ஆக்கிவிட முடியுமா? அப்படி ஆக்குவது நீதியா? இதுவே அவர் கேள்வி. நாம் அன்று ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினோம். அச்சமாதானம் நம்மையே சமாதானப்படுத்தவில்லை என்பதால் இக்கட்டுரை.

முதலில் ஒரு மயக்கத்தை விலக்க வேண்டும். நம் ஊர்களுக்கு இதுவரை திட்டமே இருந்ததில்லை, இப்போதுதான் அரசு கொண்டு வருகிறது என்று எண்ணுவது பிழை. தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் எந்தச் சிற்றூருக்கும் எழுதப்படாத திட்டம் ஒன்று உண்டு. தாழ்ந்த இடத்தில் ஏரி, அதன் கரைக்குக் கீழே ஆயக்கட்டு நன்செய், மேட்டில் புன்செய், நடுவே நத்தம், பொதுவில் களம், மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலில் எவரும் வீடு கட்டமாட்டார். கலங்கலுக்குக் கீழே எவரும் குடியேறமாட்டார். ஏரி நிரம்பி வழியும் நாளில் தண்ணீர் எங்கே போகும் என்பதைக் குழந்தையும் அறியும். வருவாய்த் துறையின் பதிவேடுகளில் இன்றும் நிற்கும் 'ஏரி', 'வாய்க்கால்', 'வண்டிப் பாதை', 'களம்', 'சுடுகாடு' என்ற சொற்கள் அந்தப் பழைய திட்டத்தின் எலும்புகள். இவ்வளவு நுட்பமாக நிலத்தைப் படித்தவர்களை எழுத்தறியாதவர் என்று சொல்வதற்கு நாம் கூச வேண்டும்.

ஆயினும் அத்திட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதே திட்டத்தில் இன்னொரு கோடும் இருந்தது. ஊர் ஒருபுறம், சேரி மறுபுறம். பெரும்பாலும் சேரி தாழ்வான இடத்தில். வெள்ளம் முதலில் நுழையும் இடத்தில். குளம் வேறு, கிணறு வேறு, சுடுகாடு வேறு. ஊரிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி பாதையாக இருக்கும். சேரியிலிருந்து போகும் வழியோ யாரோ ஒருவர் நிலத்து வரப்பாக இருக்கும். அவ்வரப்பு எந்தப் புல வரைபடத்திலும் இராது. மழைக்காலத்தில் சேற்றில் கால் புதையப் பிணம் சுமந்து போகிறவர்களை நாம் நம் கண்ணால் கண்டிருக்கிறோம். எழுதப்படாத திட்டத்திற்கு ஆட்சேபணை எழுதிக் கொடுக்கவும் இடமில்லை. எழுதப்பட்ட திட்டத்தின் முதல் நன்மை இதுதான் போலும்: கோடு எங்கே இருக்கிறது என்று கைவைத்துக் காட்டலாம், இது ஏன் இங்கே என்று கேட்கலாம்.

நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், தம் மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். காலடி வைக்கச் சொந்த மனையுமில்லாத மக்களுக்கு நிலம் தரவேண்டும் என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892-இல் ஆணை பிறந்தது. அவ்வாறு வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னும் அம்மக்களுக்கன்றி வேறெவருக்கும் விற்கலாகாது என்பது நிபந்தனை. நிலத்தின் மேல் எழுதப்பட்ட விதிகளுள் இதைவிட அறம் சார்ந்த விதியை நம் மாநிலம் கண்டதில்லை எனலாம். ஆனால் விதி தாளில் இருந்தது; நிலம் கைமாறிற்று. அந்நிலங்களை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர்.

திரமென்கீர் அறிக்கை எழுதிய அதே 1891-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஒருவரையொருவர் அறியாத இருவர். ஒருவர் ஆலைத் தொழிலாளியைப் பார்த்தார், மற்றவர் செங்கல்பட்டுச் சேரியைப் பார்த்தார். சொத்துடைமை மனிதனின் இயல்பான உரிமை என்று சிங்கராயர் உறுதிபடக் கூறினார். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே மடலில் அவர் புனித தோமா அக்குவினாவை நாடிச் சொன்னதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பொருளை ஈட்டவும் நிருவகிக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு. பயன்படுத்தும்போதோ அது பொதுவானது என்ற நினைவோடு, தேவையுற்றவரோடு பகிர ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பதே அக்குவினாவின் கருத்து. 1987-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதையே கடன்பத்திர மொழியில் சொன்னார்: தனியுடைமையின் மேல் சமூகத்தின் அடைமானம் ஒன்று இருக்கிறது.

அடைமானம் என்றால் நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். நிலம் வாங்கப் போகிறவர் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கிறார். வங்கிக் கடன் உண்டா, வழக்கு உண்டா, வேறெவருக்கேனும் கிரயம் எழுதியாயிற்றா என்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்க்கிறார். 'வில்லங்கம் இல்லை' என்று வந்துவிட்டால் மகிழ்ச்சி. ஆனால் இந்நிலத்தின் வழியே மேல் ஏரியின் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகிறது. இதன் வரப்பில் சேரியின் பிணங்கள் போகின்றன. இதன் கிணற்றில் ஊறும் நீர் அடுத்த நிலத்துக் கிணற்றிலும் ஊறுகிறது. இதன் விளைச்சலில் கூலிக்கு நடவு நட்ட பத்துப் பெண்களின் அடுப்பு எரிகிறது. இவையெல்லாம் அந்நிலத்தின் மேலுள்ள வில்லங்கங்களே. எந்தச் சான்றிலும் இவை வருவதில்லை. நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்பதன் அறம் சார்ந்த பொருள், வெளிவராத இந்த வில்லங்கத்தை வெளிப்படையாக எழுதுவதேயாகும்.

எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு சாட்சி. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி அரசூர் அருகே நெடுஞ்சாலை மூழ்கியது; சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தின்கீழ் வெள்ளம் உயர்ந்ததால் இரயில்களும் நின்றன. அத்தனை மழைக்கு எந்த ஊரும் தாங்காது என்பது உண்மையே. ஆனால் நிவாரணப் பொருள்களோடு அலைந்த நாள்களில் முதியவர்கள் நமக்குச் சுட்டிக்காட்டிய ஒன்று உண்டு: "அங்கே வாய்க்கால் இருந்தது சாமி." அங்கே இப்போது சாயம் பூசிய கற்கள்.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என நிலத்தை வகுத்து வரைபடம் தயாரிக்கவும், மக்களின் ஆட்சேபணையைக் கேட்கவும் அது வழி செய்கிறது. திட்டம் வராத ஊர்களில் விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் பிரிவும் பின்னாளில் சேர்க்கப்பட்டது. எனினும் நகரங்களைத் தாண்டி இச்சட்டத்தின் காற்று சிற்றூர்ப் பக்கம் அதிகம் வீசவில்லை. ஊராட்சியின் முத்திரை ஒன்றே போதும் என்ற நம்பிக்கையில் மனைகள் விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான், தம் கையிலிருந்த பத்திரத்துக்கு என்ன மதிப்பு என்று பலரும் விழித்தனர். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் சரியாகும் என்றாயிற்று. நாம் அறிந்தவரை, அந்தக் கட்டணத்துக்காக அலைந்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மனை வாங்கிய ஆசிரியர்களும் ஓட்டுநர்களும். விற்றவர் அடுத்த ஊரில் அடுத்த வளைவைக் கட்டிக்கொண்டிருந்தார். காலம் கடந்து வரும் விதி, தவறு செய்தவரை விட்டுவிட்டுக் கையில் அகப்பட்டவரைப் பிடிக்கும்.

நம் மாவட்டத்திலேயே, வரைபடத்தை முன்வைத்து ஊரை எழுப்ப முயன்ற இடம் ஒன்று உண்டு. வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆன்ஷே சுழலும் விண்மீன் கூட்டத்தின் வடிவில் அதை வரைந்தார். ஐம்பதாயிரம் பேர் வாழும் நகரம். குடியிருப்பு, தொழில், பண்பாடு, பன்னாட்டு வாழ்வு என நான்கு மண்டலங்கள். சுற்றிலும் பசுமை வளையம். அதன் முழுமைத் திட்டம் 2001-இல் நடுவண் அரசின் ஒப்புதல் பெற்று 2010-இல் அரசிதழில் வெளியாயிற்று. 1988-ஆம் ஆண்டின் தனிச்சட்டமும் அதற்கு உண்டு. இவ்வளவு இருந்தும், 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக இயந்திரங்கள் வந்து மரங்களைச் சாய்த்தபோது, அங்கு வாழ்வோரிடையே பெரும் பிளவு வெளிப்பட்டது. காகிதத்தில் வரைந்த வட்டம் முதலா, வறண்ட செம்மண் மேட்டில் ஐம்பதாண்டுகளாக வளர்ந்துவிட்ட காடு முதலா? 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை விலக்கியது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வழக்கறிஞரல்லர். நம் கண்ணில் படுவது வேறொன்று. அந்தப் பசுமை வளையத்துள் அடங்கும் நிலங்களில் ஒரு பகுதி இன்னும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாருக்குச் சொந்தமானது. வட்டத்தைப் பற்றி உலகமெல்லாம் பேசிற்று. குயிலாப்பாளையத்திலோ இடையஞ்சாவடியிலோ முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், 'என் நிலம் எப்போது வளையமாயிற்று?' என்று கேட்டால், அக்கேள்விக்குத் தலைப்புச் செய்தியில் இடம் கிடைப்பதில்லை.

இங்கே நாபோத்தை நினைக்கிறோம். அரசர்கள் நூலில் வரும் அந்தத் திராட்சைத் தோட்டத்து நிகழ்ச்சியைப் பேராசைக்கு எடுத்துக்காட்டாக எத்தனையோ மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம். ஊன்றிப் படித்தால் அது ஒரு நிலப் பயன்பாட்டு மாற்றத்தின் கதை. அரண்மனையை ஒட்டிய திராட்சைத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க ஆகாபு விரும்பினான். அவன் முதலில் சொன்ன நிபந்தனையும் கேவலமானதன்று: இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். இன்றைய நில எடுப்பு அறிவிக்கைகள் பலவற்றைவிடத் தாராளம். மறுப்பு வந்தபின் ஈசபேல் செய்தது என்ன? அரச முத்திரையிட்ட கடிதம், ஊர்ப் பெரியோரின் கூட்டம், நோன்பு அறிவிப்பு, சட்டம் கேட்கும்படி இரண்டு சாட்சிகள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. நாபோத்து கல்லெறியுண்டு செத்தான். அறிவிக்கையும் கூட்டமும் கையொப்பமும் இருந்தால் நீதி நடந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இந்த இருபத்தோராம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.

ஆயினும் நேர்மையாகச் சொல்வதானால், நாபோத்து நம் கேள்விக்கு முழு விடையாகமாட்டார். அவர் விற்க மறுத்தவர். நம்மிடம் வந்த முதியவரோ விற்க விரும்புகிறவர்; மகளின் திருமணக் கடன் இருக்கிறது; உழவில் மிச்சமில்லை. மூதாதையர் நிலம் என்று நாம் உருகிப் பேசினால் அவர் சிரிப்பார். உழாதவர்களுக்கு வயல் அழகாகத்தான் தெரியும். பங்கு இல்லத்து மாடியிலிருந்து பச்சையைப் பார்த்து இறைவனைப் புகழ்கிற நாம், அப்பச்சைக்கு உரம் வாங்கிய கடனைக் கட்டுவதில்லை.

விடைக்கு அருகில் நம்மைக் கொண்டுபோவது லேவியர் நூல் என்று தோன்றுகிறது. அதன் இருபத்தைந்தாம் அதிகாரத்தின் யூபிலிச் சட்டத்தை 2000-ஆம் ஆண்டையொட்டி நாம் பலவாறு பேசினோம். அதற்குள் இருக்கும் சிறு வேறுபாடு ஒன்றைக் கவனித்தோமில்லை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவருக்கே என்றென்றும் உரியது. மதிலில்லாச் சிற்றூரின் வீடோ வயலைப் போலவே கருதப்படும், யூபிலியில் திரும்பிவிடும். லேவியர் நகரங்களைச் சுற்றி அளந்துவிட்ட மேய்ச்சல் நிலத்தை விற்கவே கூடாது. நகரத்துக்கு ஒரு விதி, சிற்றூருக்கு ஒரு விதி, மேய்ச்சல் வெளிக்கு ஒரு விதி! மண்டலம் என்ற சொல்தான் இல்லை. மற்றபடி எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே 'விற்காதே' என்ற விதி தனியாக நிற்கவில்லை. கடன்பட்டவரின் நிலத்தை உறவினர் மீட்டுத் தரவேண்டும். வறியவரிடம் வட்டி வாங்கலாகாது. கூலியாளாக வந்தவரைக் கொடுமையாய் நடத்தலாகாது என்று அடுத்தடுத்து வருகின்றன. விற்காதே என்று ஒருவனுக்குச் சொல்லும் சட்டம், அவன் விற்காமல் வாழ வழி செய்யும் பொறுப்பை மற்றவர் தோளில் ஏற்றிவிட்டே சொல்கிறது.

நம் வரைபடத்தில் விடுபட்டது இந்த இரண்டாம் பாதி. பச்சை பூசப்பட்ட நிலத்தால் ஊருக்கே நன்மை: மழை நீர் அங்கே இறங்குகிறது, நெல் அங்கே விளைகிறது, மஞ்சளில் வீடு கட்டுபவரின் ஆழ்குழாய்க் கிணறு அதனால் ஊறுகிறது. மஞ்சளின் விலை உயர்ந்தது அதன் உடைமையாளரின் உழைப்பாலா? அரசு சாலை போட்டது. வரைபடம் வண்ணம் பூசிற்று. ஊர் தந்த ஆதாயம் ஒருவருக்கு. ஊருக்கான தியாகம் இன்னொருவருக்கு. மற்ற நாடுகளும் இதில் தடுமாறியே வந்திருக்கின்றன. பிரிட்டன் 1947-இல், திட்ட அனுமதியால் உயரும் நில மதிப்பு முழுவதும் சமூகத்துக்கே என்று சட்டம் செய்து, சில ஆண்டுகளுக்குள்ளாகவே கைவிட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மாண்ட்கோமரி என்னும் மாவட்டம் 1980-இல் விளைநிலத்தைக் காக்க முனைந்தபோது, கட்டும் உரிமையை இழந்த உழவர் அவ்வுரிமையை நகர்ப்புறத்தில் கட்டுபவருக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்ள வழி செய்தது. மஞ்சளில் மாடி எழுப்புபவர் பச்சையில் ஏர் பிடிப்பவருக்குப் பணம் தருகிறார். குறைகள் உண்டு, ஆனால் கேள்வியையாவது புரிந்துகொண்ட ஏற்பாடு.

நமக்கு இன்னும் அருகிலுள்ள கோவாவைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மண்டலத் திட்டம் ஒன்று கடற்கரையையும் குன்றுகளையும் கட்டடங்களுக்குத் திறந்துவிடுகிறது என்று மக்கள் எழுந்ததால், 2007-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அடுத்துக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரேயாவும் இடம்பெற்ற குழுவின் முயற்சியில் புதுத் திட்டம் உருவானபோது, வரைபடங்கள் ஊராட்சிகளுக்கே அனுப்பப்பட்டன. இது எங்கள் வயல், இது ஊற்று, இது சரிவு என்று ஊர் மக்களே குறித்துக் கொடுத்தனர். அத்திட்டமும் பின்னர் 2012-இல் கிடப்பில் போடப்பட்டது வருத்தமே. எனினும் வரைபடம் படிக்கப் பொறியியல் பட்டம் வேண்டும் என்ற பொய் அங்கே உடைந்தது. நம் ஊர்களில் கிராம சபை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. கூட்டத்துக்கு வந்தவர் எத்தனை பேர், தீர்மானத்தைப் படித்துக் கேட்டவர் எத்தனை பேர் என்பதை வாசகர்களே தம் ஊரை நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

நிலமே இல்லாதவரை இதுவரை நாம் பேசவில்லை. அவர்களுக்கு வண்ணமே கிடையாது. விளைநிலம் மனையானால் வேலை போகும். விளைநிலமாகவே இருந்தாலும் கூலி உயராது. நத்தத்தில் இடமில்லாமல் ஏரிக்கரையில் குடிசை போட்டவர்களே வரைபடம் வந்ததும் முதலில் 'ஆக்கிரமிப்பாளர்' ஆகிறார்கள். ஏரிகளைக் காக்க நம் மாநிலம் 2007-இல் தனிச்சட்டம் செய்தது. பொது நிலங்களை மீட்குமாறு உச்ச நீதிமன்றம் 2011-இல் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் சென்னையின் தியாகராய நகர் எழுந்தது நீர் வடித்த ஏரியின் மேல். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் நிற்கிறது. வலியவர் ஏரியில் இறங்கினால் அது வளாகம். எளியவர் இறங்கினால் ஆக்கிரமிப்பு.

அடுத்தவரை நோக்கி விரல் நீட்டியது போதும். நம் வீட்டுக் கோடுகள் என்னவாயின? நம் உயர்மறைமாவட்டத்துக்குட்பட்ட எறையூரில் 2008 மார்ச் 9 அன்று கத்தோலிக்கரே இரு கூறாகி மோதி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம், யாருக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்பவையெல்லாம் அந்தப் பூசலின் வேரில் இருந்தன. நிலத்தில் கிழித்த கோடு திருமுழுக்கு நீரால் அழியவில்லை. இதை எழுதுகிற நாமும் தூயவரல்லர். முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று இருந்தது. நவம்பர் 2-ஆம் நாள் தோறும் அச்சுவரின் இருபுறமும் நடந்து கல்லறைகளை மந்திரித்தோம். அது ஏன் அங்கே இருக்கிறது என்று மூன்று ஆண்டுகள் எவரையும் கேட்கவில்லை. கேட்டால் திருவிழா நடக்காது என்று உபதேசியார் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆதலின் சிற்றூருக்குத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. கோடில்லாத ஊர் என்று ஒன்று இருந்ததேயில்லை. கோடு எழுதப்பட வேண்டும். அதைக் கிழிக்கும்போது ஊரும் சேரியும் ஒரே பாயில் அமர்ந்திருக்க வேண்டும். மஞ்சளின் ஆதாயத்தில் ஒரு பங்கு பச்சைக்கு வந்து சேர வேண்டும். ஏரிக்கரையிலிருந்து எழுப்பப்படுபவருக்கு மாற்று மனை, எழுப்பும் நாளுக்கு முன்பே காட்டப்பட வேண்டும். இவை செய்யப்படாத வரைபடம் நில அளவையாக இருக்கலாம்; நீதியாகாது. இப்படி எழுதிவிட்டோமே தவிர, எழுதுவது எளிது என்பதை அடுத்த வாரமே கற்றோம்.

முதியவர் மீண்டும் வந்தார். ஆட்சேபணை மனுவை நாமே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தோம். பச்சையாக்குவதை எதிர்க்கவில்லை, ஆனால் உழவனாகவே இரு என்று சொல்லும் ஊர் உழவுக்கு என்ன தரும் என்று விடை வேண்டும் என்ற பொருளில் எழுதினோம். படித்துக் காட்டியதும் தலையசைத்தார். பிறகு வரைபடத்தை அருகில் வைத்துப் பார்த்தோம். அவருடைய நிலத்தின் தென்வரப்பு வழியேதான் சேரி மக்கள் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். சென்ற மழையில் நாமே ஒரு சவ அடக்கத்துக்கு அவ்வழியே நடந்திருக்கிறோம். படத்தில் அங்கே ஒன்றுமில்லை.

"இந்த வழி படத்தில் இல்லையே, இதையும் பாதையாகக் குறிக்கச் சொல்லி இதே மனுவில் ஒரு வரி சேர்த்துவிடலாமா?" என்றோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை எழுதினா என் நிலம் இன்னும் குறையுமே சாமி" என்றார்.

குறையும் என்பது உண்மை. எத்தனை அடி என்றுகூடக் கணக்கிட்டுச் சொல்லலாம். எழுதாவிட்டால் என்ன குறையும் என்பதை அவரும் அறிவார்; போன மழையில் அவரும் நம்மோடு அந்த வரப்பில் நடந்தவர்தாம். ஞாயிறு பூசை முடிந்து வந்து சொல்வதாகக் கூறி எழுந்து போனார். மனு கையொப்பமின்றி நம் மேசைமேல் இருக்கிறது. கடைசி வரிக்கு இடம் விட்டிருக்கிறோம்.